அணைக்குள் கிடக்கும் நம் ஊர்கள்!



மதுரையில், இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெயராகத் தாங்கிக் கிடக்கும் கே.கே. நகரில் அமர்ந்து இதனை எழுதுகின்றோம். ஊர்ப் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல நேரமில்லாத காலம் இது. போகட்டும். வீட்டிற்கு மிக அணித்தே வண்டியூர்க் கண்மாய். தெற்கே சற்று நடந்தால் வைகை. காலையில் குழாயைத் திறந்தால் வரும் நீரில் பெரும்பங்கு, மேற்கே ஆண்டிபட்டிக்கு அணித்தே, 1959ஆம் ஆண்டு (தி.ஆ. 1990) காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்து வைக்கப்பட்ட வைகையணையில் தேங்கிய நீர். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அணைகளைப் பற்றிக் கசந்து எழுதப் புகும் எவனும், தான் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை மறைத்துவிட்டு எழுதுவானாயின், அவன் எழுத்தில் நேர்மை இராது.

ஆயினும், எழுதியே ஆகவேண்டிய செய்தி ஒன்று உள்ளது.

2017ஆம் ஆண்டு மேழத் திங்களில், தமிழகம் முழுவதும் வறட்சியால் வெந்துகிடந்த நாள்களில், நம் அன்பர் அறுவர் ஒரு வண்டியில் கொங்கு நாட்டுக்குச் சென்றிருந்தோம். அதற்கு முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அறவே பொய்த்துவிட்டிருந்தது. பவானிசாகர் அணையில் நீர் மிகவும் இறங்கிவிட்டதென்றும், அறுபது ஆண்டுகளாக நீருள் கிடக்கும் பழைய கோட்டையூரின் கோயில் வெளியே தெரிகின்றதென்றும் கேள்வியுற்றே புறப்பட்டோம். அவ்வூரின் பெயர் தணாயக்கன் கோட்டை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். தண்டநாயகன் என்னும் வடசொல், படைத்தலைவன் எனப் பொருள்படுவது, கன்னட மண்ணைக் கடந்து கொங்கு மக்களின் நாவில் விழுந்து, தண்ணாயக்கன், தணாயக்கன், டணாயக்கன் என உருமாறி நின்றது. எழுதத் தெரிந்தவர் கொணர்ந்த அயற்சொல்லை எழுதத் தெரியாத உழவன் தன் ஒலிப்பு முறைக்கு அடக்கிக் கொண்டான். மொழியைக் காப்பவர் யார் என்னும் வினாவுக்கு இவ்வொரு பெயரே ஒரு விடை.

பவானியும் மாயாறும் கூடும் இடத்தில், நீலமலையின் அடிவாரத்தில் இருந்தது அவ்வூர். போசள அரசின் படைத்தலைவனாகிய மாதவ தண்டநாயகன் அங்கே கோட்டை எழுப்பியும், மாதவப் பெருமாள் கோயிலை ஆக்கியும் ஆண்டான். நீலமலையை அடக்கியவன் என்னும் பொருள்பட அவன் குடியினர் பட்டம் தாங்கினர். கொங்கு நாட்டிலிருந்து மைசூர் மேட்டு நிலத்திற்கு ஏறும் வழி அவ்வூரைத் தொட்டே சென்றது. பிற்காலத்தில் நீலமலைமீது முதன்முதல் ஏறிய ஆங்கிலேயரும் அவ்வூரிலிருந்து கிளம்பியே ஏறினர். அவ்வாறாக, ஆறு கூடும் இடத்தில், வழி பிரியும் இடத்தில், வணிகமும் போரும் வந்து வந்து போன ஓர் ஊர் அது.

1948இல் கீழ்பவானித் திட்டம் தொடங்கியது. ஐந்து கல் நீளத்திற்கு மண்ணால் ஆன கரை எழுந்தது. 1955இல் (தி.ஆ. 1986) வேலை முடிந்து நீர் தேங்கியது. ஊர் உள்ளே போயிற்று. மக்கள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். கோயிலின் இறைப்படிமங்களை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்பவானியில் வேறு கோயில் கட்டி வைத்தனர். கருவறையும் மண்டபமும் தூண்களும் கோட்டை மதிலும் இருந்த இடத்திலேயே விடப்பட்டன.

நாங்கள் சென்றபோது, நீர்த்தேக்கத்தின் உள்வயிறு வெடித்த சேறாய், கல் தொலைவுகளுக்கு விரிந்து கிடந்தது. சேற்றில் யானைகள் நடந்த பள்ளங்கள். காட்டிலிருந்து நீர் தேடி இறங்கும் யானைகள் அவை. அலுவலரிடம் இசைவு பெற்று, மீன்பிடிக்கும் முதியவர் ஒருவருடைய பரிசலில் எஞ்சிய நீர்ப்பரப்பைக் கடந்தோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மதுரையிலிருந்து இந்தக் கல்லைப் பார்க்கவா வந்தீங்க?” என்றார். ஆம் என்றோம். “எங்கப்பாரு அந்த ஊர்லதானுங்க பிறந்தாரு. நான் பரிசல்லேயே அந்த ஊர் மேல போயிட்டு வந்துட்டிருக்கேன்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கோயில் நின்றது. நின்றது என்று சொல்வதே மிகை. தூண்கள் சில நேராகவும் சில சாய்ந்தும் இருந்தன. கூரைக் கற்கள் பெயர்ந்திருந்தன. கற்களின்மேல் காய்ந்த வண்டல் பூசியிருந்தது. ஆண்டுதோறும் நீர் ஏறுவதும் இறங்குவதுமாய், அலை கல்லின் இணைப்பை அரித்து அரித்துத் தின்றிருந்தது. முழுதும் நீருள் கிடக்கும் கல்கூட நெடுநாள் நிற்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கும் கட்டடமே விரைந்து கெடும். அங்கே ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர் வந்து போயிருந்தனர். கற்பூரம் ஏற்றிய கரி ஒருபுறம். நெகிழிப் பைகள் ஒருபுறம். தூணின்மேல் இருவர் பெயரைக் கீறி நடுவே அம்பு தைத்த நெஞ்சு ஒன்று ஒருபுறம். அளக்கும் கயிறோ, படியெடுக்கும் தாளோ, ஒளிப்படக் கருவியோ ஏந்திய தொல்லியலார் ஒருவரையும் நாங்கள் இருந்த அந்தப் பகல் முழுதும் கண்டோமில்லை.

எம்முடன் வந்த இளைஞர் ஒருவர் சூடாகவே கேட்டார். “ஐயா, இது கன்னடப் படைத்தலைவன் கட்டிய கோட்டை. நம்மை அடக்கி ஆண்டவனின் கோயில் நீருள் போனால் நமக்கென்ன?” என்று. நம் இயக்கத்தாரிடை இவ்வினா எழுவது இயல்பு. ஆதலின் அதற்கு இங்கேயே மறுமொழி சொல்லுதல் வேண்டும்.

ஆண்டவன் அயலானாக இருக்கலாம். கல்லைச் சுமந்தவனும் செதுக்கியவனும் வயலுக்கு நீர் பாய்ச்சி அந்தக் கோயிலுக்கு நெல் அளந்தவனும் கொங்குத் தமிழனே. போசளர் கொங்கு நாட்டில் வெட்டுவித்த கல்வெட்டுகளுள் பல தமிழிலேயே உள்ளன. ஏன்? படிக்க வேண்டியவன் தமிழன் என்பதால். தமிழைத் தள்ளிவிட்டுக் கொங்கில் ஆட்சி நடத்த அவர்களால் இயலவில்லை என்பதற்கு அக்கற்களே சான்று. மேலும், ஓர் இனம் தான் வென்ற காலத்தின் சான்றை மட்டும் பேணி, தான் அடங்கிக் கிடந்த காலத்தின் சான்றை நீரில் விடுமானால், அது எழுதுவது வரலாறாகாது, தற்புகழ்ச்சிப் பாட்டாகும். நாம் எப்படி அடிமைப்பட்டோம் என்பதை அறியாதவன் எப்படி விடுதலை பெறுவது என்பதையும் அறியான். இளைஞர் அமைதியானார். ஒப்பினாரா என்பது வேறு.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். அந்த அணையின் வாய்க்கால் நூற்றிருபது கல்லுக்கு மேல் நீண்டு, இரண்டு இலக்கத்து ஏழாயிரம் ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகின்றது. ஈரோட்டு மாவட்டத்து மஞ்சளும் நெல்லும் கரும்பும் அதன் கொடை. மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்து வானத்தைப் பார்த்திருந்த உழவர் குடிகள் தலைநிமிர்ந்தது அந்நீரால். ஓர் ஊரைக் காக்க அத்தனை வயிறுகளைக் காயவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். கல்லணையைக் கட்டிய இனத்திற்கு அணையின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அணை என்னும் சொல்லே தடுப்பதையும் தழுவுவதையும் ஒருங்கே குறிக்கும் நம் சொல். இன்று அதனை ‘டேம்’ என்று சொல்லித் திரிகின்றான் தமிழன் என்பது தனிக் கதை.

நாம் கேட்பது வேறு. மூழ்கடிப்பதற்கு முன் பார்த்தீர்களா? அளந்தீர்களா? அகழ்ந்தீர்களா? எழுதி வைத்தீர்களா?

அதே 1955ஆம் ஆண்டில், தணாயக்கன் கோட்டையை நீர் விழுங்கிய அதே ஆண்டில், ஆந்திரத்தில் கிருட்டிணை ஆற்றின்மேல் நாகார்ச்சுனசாகர் அணைக்குத் தலைமையமைச்சர் நேரு அடிக்கல் இட்டார். அவ்வணை விழுங்கவிருந்த பள்ளத்தாக்கில், இக்குவாகு மன்னர்களின் பழைய தலைநகரும் புத்தப் பள்ளிகளும் இருந்தன. அங்கே என்ன செய்தனர்? 1954 முதல் 1960 வரை நடுவண் தொல்லியல் துறை முழுப் பள்ளத்தாக்கையும் அகழ்ந்தது. கட்டடங்கள் பலவற்றைக் கல் கல்லாய் எண்ணிட்டுப் பெயர்த்து, நீர் தொடாத குன்றின் உச்சிக்கும் கரைக்கும் கொண்டு சென்று மீண்டும் எழுப்பினர். 1966இல் அக்குன்றின்மேல் அருங்காட்சியகம் திறந்தனர். இன்றும் படகில் சென்று காணலாம். அணையும் வந்தது; அறிவும் எஞ்சியது. ஓர் ஆட்சியின் கீழ், ஒரே காலத்தில், ஓர் ஆற்றுக்கு ஆறாண்டு அகழாய்வு. இன்னோர் ஆற்றுக்குப் படிமங்களை மட்டும் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம். இதில் உள்ள வேற்றுமையை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நாகார்ச்சுனகொண்டாவின் பரப்பும் பழமையும் பெரிது என்பதையும் ஒப்புகின்றோம். ஆயினும், செய்ய முடியாதது என்று எவரும் சொல்ல முடியாது. செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அக்காலத்திலேயே தெரிந்திருந்தது.

மேட்டூரின் கதை இன்னும் பழையது. ஆங்கிலவன் காலத்தில் 1934இல் முடிந்த அணை. காவிரி நீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோயிலின் பெரிய கல்விடையும், மூழ்கிய கிறித்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் தலைநீட்டும். இதழ்கள் ஒளிப்படம் வெளியிடும். மக்கள் திருவிழாவிற்குப் போவதுபோல் போவார்கள். நீர் ஏறியதும் மறந்துவிடுவார்கள். வேடிக்கை பார்ப்பதில் நமக்கு நிகர் நாமே.

உலகில் பிறர் என்ன செய்தனர் என்பதையும் சற்றுக் காண்போம். நைல் ஆற்றின்மேல் அசுவான் உயரணை எழுந்தபோது, அபு சிம்பெல் பாறைக் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து, அறுபத்தைந்து மாத்திரி உயரத்தில் மீளப் பொருத்தினர். யுனெசுகோவின் அழைப்பை ஏற்று ஐம்பது நாடுகளுக்குக் குறையாமல் கைகொடுத்தன. அது உலகமே மெச்சிய வேலை. ஆனால், அதே நீர்த்தேக்கத்தால் எகிப்திலும் சூடானிலும் நூறாயிரத்துக்கு அணுக்கமான நூபிய மக்கள் தம் ஊர்களை இழந்து, ஆற்றைவிட்டுத் தொலைவில் கொண்டு போய்க் குடியமர்த்தப்பட்டனர் என்பதை அவ்வளவு பேர் பேசுவதில்லை. கல் மன்னனுடையதாக இருந்தால் உலகம் தூக்கி வைக்கின்றது. வீடு ஏழையுடையதாக இருந்தால் நீரில் விடுகின்றது.

இன்னும் அணுக்கமாக நெஞ்சைத் தைப்பது தைகிரிசு ஆற்றங்கரையில் இருந்த அசன்கெய்பு என்னும் பழம்பேரூரின் முடிவு. துருக்கி ஆட்சிக்குட்பட்ட குர்திய மக்களின் நிலத்தில் உள்ளது அது. பாறைகளைக் குடைந்த ஆயிரக்கணக்கான குகை வீடுகளும், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாலத்தின் பெருந்தூண்களும், பள்ளிவாசல்களும் நிறைந்த ஊர். அங்கே அணித்தே உள்ள மேட்டில் அகழ்ந்தபோது, பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மாந்தர் குடியிருப்பு வெளிப்பட்டது. அத்தகைய ஊரை, இலிசு அணைக்காகத் துருக்கி அரசு மூழ்கடிக்க முனைந்தது. செருமனி, ஆத்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் தாம் அளித்த கடன் பொறுப்பைத் தக்க பாதுகாப்பு இல்லை என்று கூறி 2009இல் விலக்கிக் கொண்டன. துருக்கி தன் பணத்தில் கட்டியது. 2017இல், நாங்கள் தணாயக்கன் கோட்டையின் சேற்றில் நின்ற அதே மேழத் திங்களில், அங்கே பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைக் கட்டடம் ஒன்றை அப்படியே பெயர்த்துச் சக்கரங்களின்மேல் ஏற்றி உருட்டிக்கொண்டு போயினர். ஒன்றிரண்டைப் பெயர்த்துவிட்டு மற்றதை நீரில் விடுவதற்கு அது முன்னறிவிப்பு. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம், தொல்மரபைக் காக்கக் கோருவது தனியொருவரின் உரிமையென ஐரோப்பிய நாடுகளிடை ஒப்புமை இல்லை எனக் கூறி, வழக்கை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு நடுவில் நீர் தேக்கத் தொடங்கினர். 2020இல் ஊர் இல்லை. ஏறத்தாழ இருநூறு ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ நீர்வாய்ப்பட்டன.

தமிழீர்! குர்தியர்க்குத் தனியரசு இல்லை. தம் நிலத்தில் எந்த ஊர் மூழ்கலாம், எந்த ஊர் மிதக்கலாம் என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை. பிறர் முடிவு செய்தனர். தன் மண்ணின்மேல் தனக்கு இறைமை இல்லாத இனத்தின் பழமை, ஆள்வோன் கணக்கேட்டில் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படும். இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் படிப்பாளர் அறிவர்.

ஆனால், ஆள்வோன்மீதே எல்லாப் பழியையும் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் ஒவ்வாது. தணாயக்கன் கோட்டையை மூழ்கடித்த காலத்தில் சென்னையில் இருந்த ஆட்சியாளரும் பொறியாளரும் நம்மவரே. வைகையணையைக் கட்டியவரும் நம்மவரே. அப்போது நம் தனித்தமிழ் அறிஞர் என்ன செய்துகொண்டிருந்தனர்? சொல்லை மீட்டுக்கொண்டிருந்தனர். அப்பணி பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால், சொல்லுக்கு வேர் தேடிய அளவு நிலத்துக்கு வேர் தேடவில்லை என்பதை நாணத்தோடு ஒப்ப வேண்டும். இலக்கியத்தில் மதுரையைக் கண்டோம். மண்ணில் மதுரையைக் காண 2015 வரை காத்திருந்தோம்.

வைகைக்கே வருவோம். 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடுவண் தொல்லியல் துறையின் ஆய்வாளர்கள், வைகை தோன்றும் இடத்திலிருந்து கடல் சேரும் இடம் வரை இரு கரைகளிலும் ஊர் ஊராக நடந்து, 293 தொல்லிடங்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றே கீழடி. இங்கிருந்து பத்துக் கல்லுக்கு உட்பட்ட தொலைவு. 2015இல் நடுவண் துறை அங்கே மண்வெட்டியை எடுத்தது. 2018 முதல் தமிழக அரசின் துறை தொடர்ந்தது. தென்னந்தோப்பின் அடியில் செங்கற் சுவர்களும், உறைகிணறுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு வரை அதன் காலம் செல்கின்றது என 2019இல் வந்த அறிக்கை கூறிற்று. 2023இல் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. இத்தனையும் எதனால் கிடைத்தன? அங்கே தென்னை வைத்திருந்தார்கள், அணை வைக்கவில்லை. அதனால்.

இப்போது ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். 293 இடங்களைக் கண்டவர்கள் கால்நடையாய்க் கண்டனர். நீர் நின்ற இடத்தில் எவர் நடப்பார்? எழுபத்தோரடி உயரத்திற்கு நீர் தேங்கும் வைகையணையின் உள்பரப்பு, அவ்வாய்வு நடப்பதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. அதுவோ வெற்று நிலம் அன்று. வருசநாட்டு மலையிலிருந்து வைகை இறங்கி, முல்லையாற்று நீரையும் கூட்டிக்கொண்டு சமவெளிக்குத் திரும்பும் வளமான படுகை. அப்படுகையில், அணைக்கு மிகத் தொலைவில் இல்லாத புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள். கிறித்துவுக்கு முற்பட்டன எனக் கல்வெட்டறிஞர் கணித்தவை. இந்தியத் துணைக்கண்டத்தில் எழுத்துப் பொறித்த நடுகற்களுள் அவற்றினும் பழையன கிடைத்ததில்லை.

அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த போரில் வீழ்ந்த அந்தவன் என்னும் மறவனுக்கு நட்டது. கொடைமன்னனும் அல்லன் அவன், வேந்தனும் அல்லன். மாடு மீட்கவோ கவரவோ போய் மடிந்த ஓர் ஊர்க்காரன். அவனுக்கு உறவினர் கல் நட்டனர். நட்டதோடு நில்லாமல் அதில் எழுதினர். எழுதியதை வழிப்போக்கன் படிப்பான் என்று நம்பினர். தொல்காப்பியர் வெட்சித் திணையில் ஆண்ட ஆகோள் என்னும் அதே சொல் அக்கல்லில் இருக்கின்றது. இலக்கண நூலில் உள்ளது ஏட்டுக் கற்பனை என்று எள்ளியவர் வாயை ஒரு சிற்றூர்க் கல் அடைத்தது. இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தேனிப் பக்கத்து ஆயர்க்கும் மறவர்க்கும் எழுத்தறிவு எட்டியிருந்தது என்பதைவிடப் பெரிய செய்தி நம் வரலாற்றில் எது?

புலிமான்கோம்பை கரையில் இருந்தது, ஆகவே கிடைத்தது. அதே படுகையில் சற்று மேற்கே, இப்போது கெண்டையும் கெளிற்றும் மேயும் சேற்றினடியில் எத்தனை அந்தவன்கள் கிடக்கின்றனரோ!

நிற்க. அணையை உடைக்கச் சொல்ல வரவில்லை என்று முன்னரே சொன்னோம். செய்யக் கூடியவற்றையே கேட்கின்றோம்.

இன்றைய சட்டநிலை என்ன? நடுவண் அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்டது என அறிவிக்கப்பெற்ற இடங்களையே காக்கின்றன. அறிவிக்கப்பெற்ற கட்டடத்தைச் சுற்றி நூறு மாத்திரிக்குள் சுவர் எழுப்பவும் தடை. நல்லது. ஆனால், எவரும் இன்னும் காணாத நடுகல்லை எவர் அறிவிப்பார்? அறிவிக்கப்படாததால் அதற்குக் காவல் இல்லை. காவல் இல்லாததால் அதன்மேல் நீரோ தாரோ ஓடலாம். கீழடி 2014க்கு முன் அறிவிக்கப்பெற்ற இடமா? அங்கே அன்று ஒரு நீர்த்தேக்கமோ தொழிற்பேட்டையோ வந்திருந்தால் எந்தச் சட்டம் தடுத்திருக்கும்?

வல்லாட்சி நாடு என்று நாம் ஏசும் அமெரிக்காவில், அணைகளுக்கென்றே 1960இல் ஒரு சட்டம் செய்தனர். நீர்த்தேக்கம் அமையும் நிலத்தை மூழ்குமுன் ஆய்ந்து, கிடைக்கும் தொல்பொருளை மீட்க வேண்டும் என்பது அது. 1974இல் அதனை விரித்து, நடுவண் அரசு ஈடுபடும் கட்டுமானத் திட்டம் எதுவாயினும், அதன் செலவில் நூற்றில் ஒரு பங்கு வரை அப்பணிக்கு ஒதுக்கலாம் என்றாக்கினர். ஐரோப்பிய நாடுகளும் 1992இல் மால்ட்டாவில் கூடி, நிலத்தைத் தோண்டுகின்றவனே தொல்லாய்வின் செலவையும் தாங்க வேண்டும் என்னும் நெறிக்கு உடன்பட்டன. நூற்றில் ஒன்று! நம் நாட்டில் திட்டச் செலவில் நூற்றில் எத்தனை எங்கெங்கே போகின்றது என்பதை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அதில் ஒன்று மண்ணுக்கு வந்தால் என்ன?

தமிழக அரசு இதற்கு நடுவண் அரசை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. தன் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தானே திருத்தலாம். அணை, பெருஞ்சாலை, தொழிற்பேட்டை, மணற்குவாரி ஆகிய எதற்கும் நிலம் எடுக்குமுன் தொல்லியல் ஆய்வு நடந்து அறிக்கை வரவேண்டும் எனவும், அதன் செலவு திட்டச் செலவில் சேரவேண்டும் எனவும் எழுதிவிடலாம். கீழடியை மார்தட்டிப் பேசும் கட்சிகள் எல்லாம் சட்டமன்றத்தில் இருக்கின்றன. ஒருவரும் எதிர்க்க மாட்டார்; எதிர்ப்பாராயின் அவர் முகத்தையும் பார்த்துக்கொள்வோம்.

ஏற்கெனவே மூழ்கியவற்றுக்கு வறட்சியே வாய்ப்பு. வறட்சி உழவனுக்குக் கேடு. அதனை விழைவார் எவருமிலர். ஆனால், வரத்தான் போகின்றது. அடுத்த முறை பவானிசாகரும் மேட்டூரும் வைகையும் அடிகாணும்போது, வேடிக்கை பார்ப்போர்க்கு முன் தொல்லியலார் அங்கே இருக்க வேண்டும். எந்த மட்டத்தில் எந்தப் பகுதி வெளிப்படும் என்பது பொதுப்பணித் துறையின் பழைய நிலப்படங்களில் உள்ளது. அணைக்கு முன் அளந்த ஊர்க்கணக்குகளும் உள்ளன. இரண்டையும் வைத்து இப்போதே திட்டம் வகுக்கலாம். மேலேயிருந்து ஒளிப்படம் எடுக்க ஆளில்லாத் தும்பிகள் திருமண வீடுகளிலெல்லாம் பறக்கின்றன; அணையின்மேல் ஒன்று பறக்கக் கூடாதா? தணாயக்கன் கோட்டைக் கோயிலின் எஞ்சிய கற்களை எண்ணிட்டுப் பெயர்த்துக் கரையேற்றுவது இன்றைய ஏந்துகளுக்கு முன் பெரிய வேலையே அன்று. இன்னும் இருபது ஆண்டு சென்றால் எண்ணிடக் கல் இராது.

தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நம் அன்பர்களுக்குத் தனியே ஒரு சொல். மீனத் திங்களுக்கு மேல் வைகையணையின் நீர் ஒதுங்கும் ஓரங்களில், நீர்வளத் துறையின் இசைவோடு, விடுமுறை நாளில் நாலைந்து பேராய் நடந்து பாருங்கள். கறுப்பும் சிவப்புமான பானை ஓடு, தாழியின் விளிம்பு, வட்டமாய் அடுக்கிய கற்கள், தனித்து நிற்கும் பலகைக்கல் ஆகியவை கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள். எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். இடத்தை விட்டு நீங்கிய ஓடு ஊமையாகிவிடும். அருகே ஓர் அளவுகோலை வைத்து ஒளிப்படம் எடுங்கள். நாளையும், அன்றைய நீர்மட்டத்தையும், அணித்தே உள்ள ஊரின் பெயரையும், கைப்பேசி காட்டும் இடக்குறியையும் எழுதிச் சென்னை எழும்பூரில் உள்ள தொல்லியல் துறைக்கு ஒரு படியும், மாவட்ட ஆட்சியர்க்கு ஒரு படியும், நமக்கு ஒரு படியும் விடுங்கள். மடல் தமிழில் இருக்கட்டும். மறுமொழி ஆங்கிலத்தில் வந்தால் அதனையும் நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.